வலிக்காத கட்டிக்கு வைத்தியம்

2019 ஜூலையில் சென்னையிலிருந்து கிளம்பி உலகப் பத்திரிகைகள் வரை போன செய்தி ஒன்று உண்டு. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்தார்கள். சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் நடந்த அறுவை சிகிச்சை அது. பையனுக்கு வலது தாடையில் வீக்கம். எக்ஸ்-ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்தால் எலும்புக்குள் ஒரு பை, பை நிறையப் பற்கள். அறுவை மருத்துவர் பி. செந்தில்நாதன் தாடையின் பக்கச்சுவரை உடைக்காமல் மேற்புறமாகத் திறந்து பையை அப்படியே வெளியே எடுத்தார். எடை சுமார் 200 கிராம். அதன் பிறகு நோய்க்குறியியல் துறைத் தலைவர் பிரதிபா ரமணியும் குழுவினரும் பையைப் பிரித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆனது. மிகச் சிறியது 0.1 மில்லிமீட்டர், பெரியது 15 மில்லிமீட்டர்.

526 என்ற எண்ணைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டிய எண் 3. பையனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே பெற்றோர் வீக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். அப்போது அது சின்னது. பரிசோதனைக்குக் குழந்தை ஒத்துழைக்கவும் இல்லை. பெரிதான பிறகுதான் சிகிச்சை நடந்தது. நடுவில் நான்கு வருடம் ஓடிவிட்டது. பெற்றோரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அழாத, காய்ச்சலில்லாத, நன்றாகச் சாப்பிடுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவார்கள்?

மருத்துவக் கணக்கில் அந்தப் பையனுக்கு வந்தது ஒடோன்டோமா என்ற கட்டி. அது நீர்க்கட்டி வகையில் சேராது. ஆனாலும் தாடைக்குள் வளரும் நீர்க்கட்டியின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது. வலி இல்லை, அதனால் அவசரம் இல்லை, அதனால் யாரும் பார்ப்பதில்லை. இந்தச் சொற்பொழிவு அந்த நீர்க்கட்டிகளுக்கு என்னென்ன வைத்தியம் இருக்கிறது என்பதைப் பற்றியது. காவிரிப் படுகையில் வாழும் ஒருவருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பற்றியும்தான்.

முதலில் அது எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். பல் வேர் வளர்ந்து முடித்த பிறகும், அதை வளர்த்த செல்களில் கொஞ்சம் வேரைச் சுற்றி மிச்சமாகத் தங்கிவிடும். 1880-களில் பிரெஞ்சு மருத்துவர் லூயி மலாசே விரிவாக விவரித்ததால் அவருடைய பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. வாழ்நாள் முழுக்க அவை சும்மா கிடக்கலாம். பல் சொத்தையாகி நரம்பு செத்துப்போனால் நிலைமை மாறுகிறது. செத்த நரம்பில் கிருமி குடியேறும். வேர் நுனியில் அழற்சி உண்டாகும். சும்மா கிடந்த செல்கள் கிளர்ந்து பெருகும். பெருகிய திரளின் நடுப்பகுதி ஊட்டமில்லாமல் சிதைந்து திரவமாகும். சுற்றிலும் ஒரு தோல் கட்டிக்கொள்ளும். இதுதான் பை. உள்ளே சிதைந்த பொருளின் அடர்த்தி அதிகம் என்பதால் வெளியிலிருக்கும் நீரை அது இழுத்துக்கொண்டே இருக்கும். சாக்கில் கட்டி ஊறப்போட்ட விதைநெல் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாக்கையே விம்ம வைப்பதை இங்கே எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான் பையும் விம்முகிறது. சுற்றியிருக்கும் எலும்பு கரைந்து இடம் விடுகிறது.

பல்லின் நரம்பு ஏற்கனவே செத்துவிட்டது, வளர்ச்சியும் மெதுவானது. ஆகவே வலி இல்லை. கிருமி புகுந்து சீழ் பிடித்தால் மட்டும் கன்னம் திடீரென்று வீங்கும், இரவெல்லாம் தெறிக்கும். மற்றபடி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும்.

தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த வேர்நுனி வகைதான். மேல்தாடையின் முன்பற்களில் அதிகம் பார்க்கலாம். சொத்தை ஒரு காரணம், அடிபடுவது இன்னொரு காரணம். பொங்கல் கபடியில் முழங்கை இடித்தது, சின்ன வயதில் வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்தது, சைக்கிள் ஹேண்டில்பார் வாயில் மோதியது என்று ஊரில் பலருக்கும் ஒரு கதை இருக்கும். பல் உடையவில்லை, இரண்டு நாள் வலித்தது, சரியாகிவிட்டது. பத்து வருடம் கழித்து அந்த ஒரு முன்பல் மட்டும் கறுத்து நிற்கும். அந்தக் கறுப்பு அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. பல்லின் நரம்பு எப்போதோ செத்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

நெல் விளையும் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது உமிக்கரி. ரைஸ் மில் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் பெரியவர்கள் சிலர் இன்னும் அதில்தான் பல் துலக்குகிறார்கள். பளிச்சென்று வெளுக்கும், சந்தேகமில்லை. வெளுப்பது அழுக்கு போவதால் மட்டுமல்ல, பல்லே தேய்வதால். உமியில் சிலிக்கா மிகுதி. எரித்தாலும் அது போகாது. ஈறோரமாக எனாமல் தேய்ந்து பள்ளம் விழும், முதலில் கூச்சம் வரும், பள்ளம் நரம்பு வரை போனால் அந்தப் பல்லும் சாகும். வெற்றிலை சீவல் போடுவது நீர்க்கட்டியைக் கொண்டுவராது. ஆனால் புகையிலையோடு போடுபவரின் வாயில் இருக்கும் வெள்ளைத் திட்டையும் ஆறாத புண்ணையும் தனியாகப் பார்த்தாக வேண்டும். நீர்க்கட்டி என்று நினைத்து வந்தவருக்குப் புற்றுநோய் இருப்பதும் உண்டு.

வீக்கம் தெரிந்ததும் நடப்பது என்ன? மஞ்சள் பத்து, கிராம்பு எண்ணெய், மெடிக்கல் கடையில் சொல்லி வாங்கும் ஐந்து நாள் மாத்திரை. மாத்திரை சீழைக் கட்டுப்படுத்தும், பையைக் கரைக்காது. வீக்கம் வடிந்ததும் நோய் போய்விட்டதாக நினைப்பது சுலபம். வெளிப்பக்கம் சூடு ஒத்தடம் கொடுப்பது இன்னொரு வழக்கம். சீழ் தோலை நோக்கித் திரும்பி, மோவாயிலோ கன்னத்திலோ ஓட்டை போட்டுக்கொண்டு கசியத் தொடங்கினால், அதைத் தோல் கட்டி என்று நினைத்துக் களிம்பு தடவி மாதக்கணக்கில் காலம் தள்ளுபவர்கள் உண்டு. கீழ்ப்பல்லுக்கு வைத்தியம் பார்த்ததும் மோவாய்ப் புண் தானாக ஆறுவதைப் பல் மருத்துவர்கள் எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியில் நடப்பது பல்லைப் பிடுங்குவது. இங்கேதான் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. பல் போனால் கட்டியும் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். சின்னதாக இருந்தால் போகலாம். ஆனால் பை எலும்புக்குள்ளேயே தங்கிவிட்டால், பல் இல்லாத இடத்தில் அது தன் பாட்டுக்கு வளரும். இதற்கு எச்சக் கட்டி என்று பெயர். பல் செட் கட்டியிருக்கும் அறுபது வயதுக்காரருக்கு, செட் இறுக்கமாகி உட்காரவில்லை என்று ஆரம்பிக்கும். எக்ஸ்-ரே எடுத்தால், இருபது வருடத்துக்கு முன் பிடுங்கிய பல்லின் இடத்தில் வட்டமாகக் கறுப்பு தெரியும்.

எக்ஸ்-ரேவுக்கும் ஒரு எல்லை உண்டு. வேர் நுனியில் கறுப்பு வட்டம் தெரிந்ததுமே நீர்க்கட்டி என்று சொல்லிவிட முடியாது. ஜூரிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ராமச்சந்திரன் நாயர், 1996-ல் தம் கூட்டாளிகளோடு வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பிடுங்கிய பற்களோடு ஒட்டிக்கொண்டு வந்த 256 வேர்நுனித் திசுக்களைத் தொடர் சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பாதி கிரானுலோமா என்ற அழற்சித் திசு. 35 சதவீதம் சீழ்க்கட்டி. நீர்க்கட்டி 15 சதவீதம்தான். அந்தப் பதினைந்திலும் இரண்டு வகை இருந்தது. ஒன்பது சதவீதத்தில் பை நாலாபுறமும் மூடியிருந்தது. ஆறு சதவீதத்தில் பையின் வாய் பல்லின் வேர்க்குழாயை நோக்கித் திறந்திருந்தது.

வைத்தியத்தைத் தீர்மானிப்பதே இந்த வித்தியாசம்தான். வாய் திறந்திருக்கும் பை, வேர்க்குழாயிலிருக்கும் கிருமியை நம்பி வாழ்கிறது. வேரைச் சுத்தம் செய்து அடைத்தால் அது வாடும். நாலாபுறமும் மூடிய பை தனிக்குடித்தனம் போய்விட்டது. வேர் சிகிச்சைக்கு அது மசிய வாய்ப்புக் குறைவு. எது எந்த வகை என்று வெளியிலிருந்து படம் பார்த்துச் சொல்ல வழியில்லை. ஆகவே நல்ல மருத்துவர் முதலில் கத்தியைத் தொடமாட்டார். பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று குளிர் வைத்துச் சோதிப்பார், வேர் சிகிச்சை செய்வார், பிறகு காத்திருப்பார்.

ரூட் கேனால் என்றால் கேப் போடுகிற வைத்தியம் என்றே பலரும் நினைக்கிறார்கள். கேப் கடைசி வேலை. பல்லைத் துளைத்து, செத்த நரம்பை வழித்து, சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தால் வேர்க்குழாயைக் கழுவி, சில சமயம் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தைச் சில வாரம் உள்ளே வைத்து, குழாய் காய்ந்ததும் நுனி வரை அடைப்பதுதான் சிகிச்சை. பிறகு ஆறு மாதத்தில் ஒரு படம், ஒரு வருடத்தில் ஒரு படம். கறுப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தால் எலும்பு திரும்புகிறது என்று பொருள். ஒரு வருடத்தில் முழுசாக மறையவில்லை என்றாலும் பதற வேண்டாம். நான்கு வருடம் வரை பார்க்கலாம் என்பது ஐரோப்பிய வேர் சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்.

நான்கு வருடம்! தஞ்சை வட்டாரத்தில் பல் வைத்தியத்தின் உண்மையான சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், திரும்பி வர நேரம் இல்லை. ஒரத்தநாடு பக்கத்துச் சிறு விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தால் நாற்றங்கால், பிறகு நடவு, களை, உரம், குறுவை அறுப்பு, அது முடிந்ததும் தாளடி, ஐப்பசி கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் வடியவைக்கும் போராட்டம், தை மாதம் அறுப்பு, அதற்குமேல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்து மழைக்கும் ஈரப்பதக் கருவிக்கும் பயந்துகொண்டு காவல். வலிக்காத பல்லுக்கு இதில் எந்த வாரத்தை ஒதுக்குவார்? முதல் சிட்டிங்கில் வலி போய்விட்டது என்றால் இரண்டாவது சிட்டிங்கே வராதவர்கள் நிறைய. பாதியில் விட்ட வேர்க்குழாய் கிருமிக்குத் திறந்த கதவு.

ஆகவே எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்யும்போது கட்டியின் அளவையும் இடத்தையும் பார்ப்பதோடு, இந்த நோயாளி எத்தனை தடவை திரும்பி வருவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாடப்புத்தகங்களில் நோயாளியின் ஒத்துழைப்பு என்று ஒரு வரியில் இது வரும். டெல்டாவில் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

வேர் சிகிச்சைக்கு மசியாத கட்டிக்கும், ஆரம்பத்திலேயே பெரிதாக இருக்கும் கட்டிக்கும் அறுவை. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியே போதும், படுத்துக்கொண்டே டாக்டர் பேசுவதைக் கேட்கலாம். ஈறைக் கீறி ஒரு மடிப்பாகத் தூக்குவார்கள். பை எலும்பைக் கரைத்து மெலிய வைத்திருந்தால் விரலால் அழுத்தும்போது முட்டை ஓடு நொறுங்குவது போன்ற சத்தம் கேட்கும். ஊசி போட்டு உறிஞ்சினால் வைக்கோல் நிறத்தில் திரவம் வரும். வெளிச்சத்தில் பிடித்தால் அதில் கொலஸ்ட்ரால் படிகங்கள் மினுமினுக்கும். ஊசியில் வெறும் ரத்தம் மட்டும் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அது ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். எலும்பில் ஜன்னல் திறந்து, முனை வளைந்த கருவியால் பையை எலும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். அவசரப்பட்டால் கிழியும், கிழிந்தால் துண்டு உள்ளே தங்கும். பல்லைக் காப்பாற்றுவதாக இருந்தால் வேர் நுனியில் மூன்று மில்லிமீட்டர் வெட்டி, வெட்டிய இடத்தை எம்.டி.ஏ. என்ற சிமென்ட்டால் அடைப்பார்கள். தையல். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு. முழுசாக எடுத்த வேர்நுனிக் கட்டி திரும்ப வருவது அரிது. அடிக்கடி வர முடியாதவருக்கு இதுவே தோதான வழி.

உள்ளே உண்டான பள்ளத்தில் ரத்தம் உறைந்து, அது நாளடைவில் எலும்பாக மாறும். சில இடங்களில் எலும்புப் பொடி வைத்து நிரப்பச் சொல்வார்கள். பெரிய பள்ளங்களுக்கு, இருபுறச் சுவரும் போயிருந்தால், அது உதவலாம். சாதாரணப் பள்ளத்துக்கு அவசியமில்லை. உடம்பு தானே நிரப்பிக்கொள்ளும். பில்லில் அந்த வரி இருந்தால் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு வர வேண்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் வைத்தியம் என்பதற்காகத் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. இரண்டையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

கட்டி மிகப் பெரிதாகி, கீழ்த்தாடை நரம்பை ஒட்டியோ, மேல்தாடையில் சைனஸ் அறையை ஒட்டியோ இருந்தால் முழுசாகப் பெயர்ப்பது ஆபத்து. உதடு நிரந்தரமாக மரத்துப்போகலாம், மெலிந்த தாடை முறியலாம். இதற்கு ஜெர்மனியில் பிரெஸ்லாவ் நகர அறுவை மருத்துவர் கார்ல் பார்ட்ஷ் 1892-ல் ஒரு வழி சொன்னார். பையை எடுக்காமல் அதில் ஒரு ஜன்னல் மட்டும் வெட்டி, பையின் ஓரத்தை ஈறோடு சேர்த்துத் தைத்துவிடுவது. உள் அழுத்தம் போய்விடும். அழுத்தம் போனதும் எலும்பு சுற்றிலும் வளர்ந்து பையை நெருக்கும். பையை முழுசாகப் பெயர்த்து வாயை மூடித் தைக்கும் முறையையும் அவரே 1910-ல் விவரித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த இரண்டில் ஒன்றையோ, முதலில் ஜன்னல், சுருங்கிய பிறகு பெயர்ப்பு என்று இரண்டையும் அடுத்தடுத்தோதான் செய்கிறார்கள்.

பார்ட்ஷின் ஜன்னல் குழந்தைகளுக்குப் பெரிய வரம். இன்னும் முளைக்காத நிரந்தரப் பல்லின் தலையைச் சுற்றி வரும் நீர்க்கட்டி ஒன்று உண்டு. பெரியவர்களுக்குக் கீழ் ஞானப்பல்லிலும் மேல் கோரைப்பல்லிலும் அதிகம் வரும். பெரியவருக்குப் பல்லையும் கட்டியையும் சேர்த்து எடுத்துவிடலாம். பத்து வயதுக் குழந்தைக்கு அப்படி எடுத்தால் வாழ்நாளுக்கும் ஒரு பல் போகும். ஜன்னல் வைத்தால் அழுத்தம் குறைந்து, உள்ளே மாட்டிக்கொண்ட பல் மெல்ல வழி கண்டுபிடித்து முளைத்து வரும். தேவைப்பட்டால் கம்பி போட்டு இழுத்துக் கொண்டுவரலாம்.

ஆனால் ஜன்னலுக்கு விலை இருக்கிறது. அது மாதக்கணக்கில் திறந்தே இருக்க வேண்டும். ஒரு சின்னக் குழாயோ மருந்துத் துணியோ அதில் செருகியிருக்கும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் உள்ளே போய் உட்காரும். அம்மா தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, பையனின் கன்னத்தை ஒரு விரலால் ஒதுக்கி, துளைக்குள் பீய்ச்ச வேண்டும். முதலில் கலங்கலாக வரும், தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப. ஒரு நாள் விட்டாலும் நாற்றம் காட்டிக்கொடுக்கும். நடவுக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்து திரும்பும் பெண்ணிடம் இந்த வேலையை ஒப்படைக்கும்போது, எத்தனை மாதம், எப்படி, எதற்கு என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு. சிரிஞ்சைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்து அனுப்புகிற மருத்துவர் பாதி வைத்தியத்தை அன்றைக்கே முடித்துவிடுகிறார்.

எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். பல் முளைக்கும் பருவத்தில் ஈறில் நீலமாக ஒரு கொப்புளம் வரும், அது பல்லோடு சேர்ந்து தானே உடைந்து போகும். பிறந்த குழந்தையின் ஈறிலும் அண்ணத்திலும் வெள்ளை முத்து முத்தாகத் தெரிவதும் சில வாரங்களில் மறைந்துவிடும். கிள்ளவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

வேலை வாயிலேயே இருப்பவர்களுக்கு நாள் பார்ப்பதும் வைத்தியத்தின் பகுதி. இது நாதஸ்வர மண். கும்பகோணம் வட்டாரத்தில் நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளியை இரண்டு உதட்டுக்கும் நடுவில் பிடித்து மணிக்கணக்கில் ஊதுகிற கலைஞருக்கு மேல் முன்பல்லில் கட்டி வந்தால், தையல் போட்ட உதடும் ஈறும் அந்த அழுத்தத்தைத் தாங்காது. சைனஸ் பக்கமாகக் கட்டி இருந்திருந்தால் மூக்கைச் சிந்துவதே கூடாது எனும்போது வாத்தியம் ஊதுவது எங்கே? முகூர்த்தம் நிறைந்த வைகாசியில் அறுவை வைத்தால் அவருக்கு வருமானம் போகும், அல்லது தையல் போகும். கல்யாணக் கச்சேரி இல்லாத ஆடியில் வைத்துக்கொண்டால் இரண்டும் தப்பும். அறுவை அவசரமில்லாத நீர்க்கட்டியில் இப்படித் தள்ளிப்போடுவது தப்பே இல்லை. தேதியில்லாமல் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

இனி, தேதியைத் தள்ளக் கூடாத கட்டி. கெரட்டோசிஸ்ட் என்று பெயர். 1956-ல் டென்மார்க்கின் ஹான்ஸ் பிலிப்சன் தனி வகையாகப் பிரித்துச் சொன்னார். இது பல் செத்ததால் வருவதல்ல. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பகுதியில், வெளியே வீங்காமல், எலும்பின் நீளவாக்கில் ஓடும். அதனால் கண்ணாடியில் தெரியாது. உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் தயிர்க்கட்டி மாதிரி வெள்ளைப் பொருள். தோல் மெல்லியது, எடுக்கும்போது கிழியும். பக்கத்திலேயே குட்டிப் பைகளை விட்டுவைக்கும். இது கட்டியா, நீர்க்கட்டியா என்பதில் உலக சுகாதார நிறுவனமே ஒரு தடவை மனம் மாறியிருக்கிறது. 2005-ல் புற்றல்லாத கட்டிகளின் பட்டியலில் சேர்த்தார்கள், 2017-ல் மறுபடியும் நீர்க்கட்டிகளின் பட்டியலுக்கே கொண்டுவந்தார்கள். பட்டியல் மாறினாலும் அதன் குணம் மாறவில்லை: வெறுமனே பெயர்த்தால் கணிசமான பேருக்குத் திரும்பி வருகிறது.

ஆகவே இதற்கு வைத்தியம் ஒருபடி கடுமையானது. பையைப் பெயர்த்த பிறகு சுற்றியிருக்கும் எலும்பின் மேற்பரப்பைக் கொஞ்சம் கடைந்து எடுப்பார்கள். கார்னாய் திரவத்தை, அதாவது ஆல்கஹால், குளோரோஃபார்ம், அசிட்டிக் அமிலம், ஃபெரிக் குளோரைடு சேர்ந்த கலவையை, சில நிமிடம் பள்ளத்தில் வைத்து மிச்சச் செல்களை அழிப்பார்கள். நரம்பில் படாமல் வைக்க வேண்டும். குளோரோஃபார்ம் மீதான ஆட்சேபத்தால் அது இல்லாத கலவையையும் பயன்படுத்துகிறார்கள். 5-ஃப்ளூரோயுராசில் களிம்பைத் துணியில் தடவி வைக்கும் முறையும் அண்மைக் காலத்தில் வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வந்தால் தாடையின் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க நேரும்.

எதை எடுத்தாலும், எடுத்தது சாதாரணமாகத் தெரிந்தாலும், திசுவைப் பயாப்சிக்கு அனுப்பியாக வேண்டும். இதில் சமரசமே கூடாது. படத்தில் நீர்க்கட்டி மாதிரியே தோன்றும் அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி தாடையைத் தின்றுகொண்டே போகும். நுண்ணோக்கி மட்டும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ரிப்போர்ட் வாங்காமல் தையல் பிரித்ததோடு வீட்டுக்குப் போனவர் வைத்தியத்தின் முக்கியமான பக்கத்தைப் படிக்காமலே புத்தகத்தை மூடிவிடுகிறார்.

பதிவு வைத்துக்கொள்ளும் விஷயத்தில் தஞ்சாவூருக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளுக்குத் தந்த சிகிச்சையைத் தாள்தாளாக எழுதவைத்தார். அப்படி 44 நோயாளிகளின் குறிப்புகள், கண்ணின் படங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. எக்ஸ்-ரே இல்லாத காலத்தில் ஓவியரை வைத்து நோயை வரையச் செய்திருக்கிறார்கள். இன்று நோயாளி செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். அறுவைக்கு முன் எடுத்த ஓ.பி.ஜி. என்ற முழுத்தாடை எக்ஸ்-ரே படம், பயாப்சி ரிப்போர்ட், பிறகு எடுத்த படங்கள், எல்லாவற்றையும் நிலப் பட்டா வைக்கிற கவரிலேயே வைத்துக்கொள்ளலாம். கிளினிக் மூடினாலும் மருத்துவர் ஊர் மாறினாலும், பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எலும்பு நிரம்புகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியும்.

எங்கே போவது? வேர் சிகிச்சை ஊரிலேயே நடக்கும். பெரிய கட்டிக்கு வாய்-தாடை அறுவை நிபுணர் வேண்டும், பயாப்சி பார்க்க வாய் நோய்க்குறியியல் துறை வேண்டும். அரசுத் தரப்பில் இரண்டும் ஒரே கூரையில் கிடைப்பது பல் மருத்துவக் கல்லூரிகளில். சென்னையில் 1953-ல் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது முதலாவது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா பெயரில் தொடங்கி இப்போது அரசின் கையில் இருப்பது இன்னொன்று. 2023-ல் புதுக்கோட்டையில் திறந்தது மூன்றாவது. பட்டுக்கோட்டைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் புதுக்கோட்டை பக்கம், மயிலாடுதுறைக்காரருக்குச் சிதம்பரம் பக்கம். காலையில் கிளம்பிப் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு போய் முகப்பில் விசாரித்துவிட்டு உட்காருவது நல்லது.

கெரட்டோசிஸ்ட் நோயாளிகளுக்கு இந்தப் பயணம் குறைந்தது ஐந்து வருடம், வருடத்துக்கு ஒரு தடவையாவது. அதன் பிறகும் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும், பத்து வருடம் கழித்துத் திரும்பியதும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று இடத்தில் வந்தால், அல்லது பள்ளிப் பருவத்திலேயே வந்தால், மருத்துவர் உள்ளங்கையில் குட்டிக் குழிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். இருந்தால், 1960-ல் கார்லினும் கோல்ட்ஸும் விவரித்த, பரம்பரையாக வரும் நோயாக அது இருக்கலாம். பண்டை எகிப்திய எலும்புக்கூடுகளிலேயே அதன் தடயத்தைக் கண்டிருக்கிறார்கள். வெள்ளைத் தோல்காரர்களுக்கு அந்த நோயில் தோல் புற்று அதிகம் வரும். நம்மவர்களுக்குத் தோலில் அவ்வளவாகத் தெரியாது, தாடைக் கட்டியே முதல் அறிகுறியாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, வீக்கமோ வலியோ இருக்கிறதா என்று காத்திராமல், ஒருமுறை ஓ.பி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.